பெரிய அஸ்திரத்துக்கு என்ன விலை?

(மரக்காணத்தில் இளைஞர்கள் கூடிய மாலை நிகழ்வில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விடியும் முன்பே உப்பளத்துக்குப் போய்விட்டு வந்து, இந்த மாலையில் இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், பகடையும் நோட்டுப் புத்தகமுமாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் நன்றி. ஒரு விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும் ஒரே ஒரு சிக்கலைப் பற்றி: கதையாடல் விளையாட்டில் பெரிய மந்திரங்களை எப்படிக் கட்டுக்குள் வைப்பது?

பெரியவர்களுக்காக முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்கொரு வேடம். ஒருவர் வாள்வீரன், ஒருவர் திருடன், ஒருவர் மந்திரவாதி. இன்னொருவர் கதையை நடத்துவார். நம் கூத்தில் கட்டியங்காரன் செய்கிற வேலையில் பாதி அவருடையது. காட்டில் புலி வருகிறது, என்ன செய்கிறாய் என்று அவர் கேட்பார். வாளை ஓங்குகிறேன் என்று இவர் சொல்வார். ஓங்கிய வாள் பட்டதா என்பதைப் பகடை சொல்லும். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் எழுதி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தான் இந்த வகைக்கு மூத்தது. வேடங்கள் முதல் லெவலில் தொடங்கி, ஆட ஆட வளர்ந்து, இன்றைய விதிப்படி இருபதாம் லெவல் வரை போகும்.

அப்படிப் போகும்போது பதினேழாம் லெவலில் ஒன்று நடக்கிறது. மந்திரவாதிக்கு ஒன்பதாம் படி மந்திரம் கைக்கு வருகிறது. அவர் நேரத்தை நிறுத்தலாம், வானத்திலிருந்து எரிகற்களை இறக்கலாம். 'விஷ்' என்று ஒரு மந்திரம் இருக்கிறது. அதைச் சொன்னால் கேட்டது நடக்கும். அதே லெவலில் வாள்வீரனுக்கு ஒரு முறைக்கு மூன்று வீச்சு. எரிகல் மந்திரத்துக்கு உருட்ட வேண்டிய ஆறுமுகப் பகடை 40, சராசரி 140. வாள்வீரனின் மூன்று வீச்சும் பட்டால்கூட சராசரி 28, 29. முதல் லெவலிலிருந்து கூடவே வந்த நண்பன் பதினேழாம் லெவலில் வேடிக்கை பார்க்கிறவனாக ஆகிவிடுகிறான். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து கட்டிய கதையில் மூன்று பேருக்கு இடம் இல்லாமல் போவது அநியாயம்.

இந்தச் சிக்கல் எங்கே பிறந்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 1971இல் 'செயின்மெயில்' என்று படைகளை மோதவிடும் விதிநூல் ஒன்று வந்தது. அதில் மந்திரவாதி எறியும் தீப்பந்து, கல்லெறியும் பெரிய பொறி எவ்வளவு இடத்தைத் தாக்குமோ அவ்வளவு இடத்தைத் தாக்கும். அவருடைய மின்னலுக்குப் பீரங்கியின் அளவு. படை விளையாட்டில் அவர் பீரங்கி இருக்கவேண்டிய இடத்தில் வந்து நின்றவர். நூறு பேர் படைக்கு ஒரு பீரங்கி இருந்தால் யாருக்கும் குறையில்லை. நால்வர் கூட்டத்தில் ஒருவரே பீரங்கியாக நின்றால் மற்றவர்கள் எதற்கு? 1974 வெளியீட்டில் மந்திரவாதிக்கு ஆறு படி மந்திரங்கள்தான் இருந்தன. மறு ஆண்டே 'கிரேஹாக்' என்ற துணைநூல் ஏழு, எட்டு, ஒன்பதாம் படிகளைச் சேர்த்தது. அன்றிலிருந்து இன்றுவரை, ஒவ்வொரு பதிப்பும் இந்த ஒன்பதாம் படியை எப்படிச் சமாளிப்பது என்று ஒரு வழி சொல்லிப் பார்க்கிறது.

அந்த வழிகளை நான் சொல்வதற்கு முன்னால் உங்களை ஒரு கூத்துக் களரிக்கு அழைத்துப் போக வேண்டும். இந்த வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் விழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. பிரசங்கியார் கையில் இருப்பது வில்லிபாரதம். வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுக்காரர். அவரை ஆதரித்த வரபதி ஆட்கொண்டான் வக்கபாகையில் இருந்தவன். எல்லாம் நம் நடுநாடு. பெரிய சக்தியை ஒரு கதைக்குள் எப்படி அடக்குவது என்ற கேள்விக்கு உலகில் எங்கும் கிடைக்காத அளவு விடைகள் நம் பாரதத்தில் கிடைக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். அங்கே அஸ்திரங்கள் எத்தனை! ஒன்றாவது சும்மா கிடைத்ததா? ஒன்றாவது சும்மா விடப்பட்டதா?

கர்ணனிடம் இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டால் தவறாது. எதிரி யாராக இருந்தாலும் சாவு நிச்சயம். விளையாட்டு மொழியில் சொன்னால் இது ஒன்பதாம் படி. இதன் வலிமையில் ஒரு துளிகூடக் கதை குறைக்கவில்லை. விலையைத்தான் ஏற்றியது. முதல் விலை, கவச குண்டலம். உடம்போடு பிறந்த பாதுகாப்பை அறுத்துக் கொடுத்து வாங்கியது இது. அடுத்தது, ஒரே ஒரு முறைதான் விடலாம். விட்டதும் இந்திரனிடம் திரும்பிவிடும். வியாசர் பாரதத்தில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: வேறு ஆயுதங்கள் கையில் இருக்கும்போது, உயிருக்கு ஆபத்து இல்லாதபோது, அவசரப்பட்டு எறிந்தால் அது எறிந்தவன் மேலேயே விழும்.

இந்த மூன்றாவது நிபந்தனையை விளையாட்டு எழுதுகிறவர்கள் யாரும் தாண்டிப் போகக்கூடாது. பெரிய மந்திரம் இருக்கிற கூட்டத்தில் எப்போதும் நடப்பது என்ன? சண்டை தொடங்கிய முதல் நொடியில் மந்திரவாதி தன் பெரியதை எடுத்து வீசிவிடுவார். சண்டை முடிந்துவிடும். மற்றவர்கள் பகடையைத் தொட்டிருக்கக்கூட மாட்டார்கள். இந்திரன் வைத்த நிபந்தனை இதைத்தான் தடுக்கிறது. மற்ற வழிகள் எல்லாம் அடைபட்ட பிறகு வா என்கிறது. அந்த மற்ற வழிகளில்தான் மற்ற மூன்று நண்பர்களின் வேலை இருக்கிறது.

சக்தி ஆயுதம் எப்போது செலவானது? பதினான்காம் நாள் இரவு. அந்த நாளை நன்றாக நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின நாள் அருச்சுனன் மகன் அபிமன்யு விழுந்தான். நாளைச் சூரியன் மறையும் முன் அதற்குக் காரணமான சயத்ரதனைக் கொல்வேன், இல்லையென்றால் தீயில் இறங்குவேன் என்று அருச்சுனன் சபதம் செய்தான். பதினான்காம் நாள் முழுவதும் அந்த ஓட்டம். மாலையில் சயத்ரதன் தலை விழுந்தது. வழக்கமாக அதோடு சங்கு ஊதிப் பாசறைக்குப் போக வேண்டும். அன்று போகவில்லை, போர் இரவிலும் தொடர்ந்தது. இரவில் அரக்கர்களுக்கு வலிமை கூடும். வீமனின் அரக்க மகன் கடோற்கசன் கௌரவர் படையைத் துவம்சம் செய்கிறான். கர்ணா, அதை எடு என்று எல்லோரும் கூச்சலிடுகிறார்கள். அருச்சுனனுக்காக அத்தனை காலம் பாதுகாத்த ஆயுதத்தை அவன் கடோற்கசன் மேல் எறிகிறான். பிள்ளை செத்தான் என்று பாண்டவர்கள் அழுகிறார்கள். கண்ணன் மட்டும் மகிழ்ந்து ஆடுகிறான். அன்றிரவு நடந்த கணக்கு அவனுக்குத் தெரியும்.

ஆட்டத்தை நடத்துகிற தம்பிகளே, இங்கே உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒன்பதாம் படி மந்திரம் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் என்று 2014 பதிப்பு சொல்கிறது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் உங்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு கூட்டம் படுத்துத் தூங்கி எழுந்துவிட்டால், ஒரு நாளைக்கு ஒரு முறை என்பதற்குப் பொருளே இல்லை. ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு முறை என்று ஆகிவிடும். பாரதத்தில் பதினான்காம் நாளுக்குப் பிறகு இரவு ஓய்வு கிடைத்திருந்தால் கர்ணன் சக்தியை எறிந்திருக்கவே மாட்டான். ஓய்வு மறுக்கப்பட்ட இரவில்தான் பெரிய ஆயுதங்கள் உறையைவிட்டு வெளியே வருகின்றன. ஆகவே மந்திரத்தை வெட்டுவதற்கு முன்னால் உங்கள் கதையின் கடிகாரத்தைப் பாருங்கள். சூரியன் மறைவதற்குள் முடிக்க வேண்டிய வேலை ஏதாவது இருக்கிறதா? தூங்கினால் இழப்பதற்கு ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் எந்த விதியும் உங்களைக் காப்பாற்றாது.

விலையைப் பற்றி இன்னும் கொஞ்சம். அமெரிக்கப் பதிப்புகளும் விலை வைத்துப் பார்த்தன. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'விஷ்' சொன்னால் மந்திரவாதிக்கு ஐந்து வயது கூடிவிடும். மனிதனுக்கு இது கடுமையான விலை. ஆனால் அதே ஆட்டத்தில் நூற்றாண்டுக் கணக்கில் வாழும் எல்ஃப் இனத்து மந்திரவாதியும் இருக்கிறாரே, அவருக்கு ஐந்து ஆண்டு என்ன பெரிது? 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு 5,000 அனுபவப் புள்ளிகளை விலையாகக் கேட்டது. அது கணக்குப் புத்தகத்து விலை. கதைக்குள் யாருக்கும் வலிக்காது. 2014 பதிப்பின் விதி எனக்குப் பிடித்தது. வேறொரு மந்திரத்தைப் போலச் செய்வதற்கு அல்லாமல், மனம் போனபடி ஒன்றைக் கேட்டால், உடல் வலு சில நாளைக்குப் பாதாளத்துக்குப் போய்விடும்; அதற்கும் மேல், 'விஷ்' இனி வாழ்நாளில் வராமல் போவதற்கு 33 சதவீத வாய்ப்பு. அந்தப் பகடையை உருட்டும்போது மேசையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

இருந்தாலும் கர்ணன் கொடுத்த விலைக்கு இவை எதுவும் ஈடாகாது. காரணம், அவன் கொடுத்தது அவனுக்கே உரியது. கவசம் வேறு யாரிடமும் இல்லை. வில்லிபாரதத்தில் குந்தி வந்து கேட்கும் வரத்தையும் பாருங்கள். நாகக்கணையை அருச்சுனன் மேல் ஒரு முறைக்கு மேல் விடாதே என்கிறாள் தாய். சரி என்கிறான். பதினேழாம் நாள் அந்தக் கணை வருகிறது, கண்ணன் தேரை அழுத்துகிறான், கணை முடியைத் தட்டிக்கொண்டு போகிறது. இரண்டாம் முறை விட்டால் வெற்றி. விடவில்லை, வாக்கு கொடுத்துவிட்டான். இங்கே ஆயுதத்தைக் கட்டுப்படுத்தியது எந்த விதிநூலும் இல்லை, ஓர் உறவு. உங்கள் மந்திரவாதிக்கு ஒரு தாயைக் கொடுங்கள், ஒரு குருவைக் கொடுங்கள், அவர்களிடம் ஒரு வாக்குக் கொடுக்க வையுங்கள். எந்தப் பதிப்பும் கண்டுபிடிக்காத கட்டுப்பாடு அது.

அடுத்து நாராயண அஸ்திரம். தந்தை துரோணர் வீழ்ந்த கோபத்தில் அசுவத்தாமன் விடுகிறான். எதிர்க்க எதிர்க்க அதன் வலிமை கூடுகிறது. படை முழுவதும் அழியும் நிலை. அப்போது கண்ணன் சொல்கிறான்: எல்லோரும் ஆயுதத்தைக் கீழே போடுங்கள், தேரைவிட்டு இறங்குங்கள். இறங்கினவர்களை அது தொடவில்லை. வீமன் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறான்; அஸ்திரம் முழுவதும் அவன் மேல் குவிகிறது; கண்ணனும் அருச்சுனனும் ஓடிப்போய் அவனைத் தேரிலிருந்து இழுத்துப் போடுகிறார்கள். இன்னொரு முறை விடு என்கிறான் துரியோதனன். இரண்டாம் முறை விட்டால் விட்டவனையே கொல்லும் என்கிறான் அசுவத்தாமன்.

இதைவிட அழகாக வடிவமைத்த மந்திரத்தை எந்த விளையாட்டு நூலிலும் நான் படித்ததில்லை. ஓர் அக்குரோணிப் படையை அழிக்கும் வலிமை இருக்கிறது. ஆனால் அதற்கான பதில் படையின் கடைசிக் காலாளிடம்கூட இருக்கிறது: கையில் இருப்பதைக் கீழே போடு. மந்திரத்தை மந்திரத்தால்தான் தடுக்கலாம் என்று வைத்தால் ஆட்டம் இரண்டு மந்திரவாதிகளின் தனிச் சண்டை ஆகிவிடும். இன்றைய டிராகன் விளையாட்டில் 'கவுன்டர்ஸ்பெல்' என்ற மூன்றாம் படி மந்திரம் அப்படித்தான் இருக்கிறது. மந்திரவாதியின் வாயை இன்னொரு மந்திரவாதிதான் அடைக்க முடியும். வாள்வீரனுக்கு அதில் இடமில்லை. நாராயண அஸ்திரமோ எல்லோருக்கும் ஒரு தேர்வு வைக்கிறது. மானமா, உயிரா? வீமன் போன்ற வேடத்துக்கு அந்தத் தேர்வு எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். பெரிய மந்திரத்தை யார் விட்டாலும், அந்த நொடியில் மேசையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் செய்வதற்கு ஒன்று இருக்க வேண்டும்.

அசுவத்தாமன் கடைசியில் விட்ட பிரம்மசிர அஸ்திரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவன் விட்டான், அருச்சுனனும் விட்டான், வியாசரும் நாரதரும் நடுவில் வந்து நின்றார்கள். அருச்சுனனுக்குத் திரும்பப் பெறத் தெரியும், பெற்றுக்கொண்டான். மற்றவனால் முடியவில்லை, அது உத்தரையின் கருவின் மேல் போய் விழுந்தது. விடுவது ஒரு திறமை, திரும்பப் பெறுவது அதைவிடப் பெரிய திறமை என்று பிரித்து வைத்த விளையாட்டு ஒன்றையும் நான் இன்னும் பார்க்கவில்லை. யாராவது எழுதுங்கள்.

ஒரு சக்தி மேசைக்கே வரக்கூடாதது என்றால்? அதற்கும் கதை இருக்கிறது. ராஜஸ்தானத்தில் காட்டு ஷ்யாம் என்று கும்பிடப்படும் பார்பரீகன் கதையில், மூன்றே அம்பில் போரை முடிக்கும் வீரன் அவன். தோற்கும் பக்கம்தான் நிற்பேன் என்று வாக்கும் கொடுத்தவன். அவன் எந்தப் பக்கம் சேருகிறானோ அது வெல்லும், உடனே மற்றப் பக்கம் தோற்கும், அவன் அங்கே போவான். கடைசியில் யாரும் மிஞ்ச மாட்டார்கள். போர் தொடங்கும் முன்பே கண்ணன் அவன் தலையைக் கேட்டு வாங்குகிறான். போர் முழுவதையும் பார்க்கும் வரத்தைக் கொடுக்கிறான். கூவாகத்தில் நாம் கும்பிடும் அரவானின் களப்பலியோடு சேர்த்து நினைக்க வேண்டிய கதை இது. சில மந்திரங்கள் நம் கதைக்கு வேண்டாம் என்றால், நடு ஆட்டத்தில் பிடுங்காதீர்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி, கேட்டு வாங்கி, அதற்கு ஈடாக ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள்.

2008இல் வந்த நான்காம் பதிப்பு வேறு வழியில் போனது. எல்லா வேடங்களுக்கும் ஒரே சட்டகம்: எப்போதும் செய்யக்கூடியவை சில, ஒரு சண்டைக்கு ஒரு முறை சில, ஒரு நாளுக்கு ஒரு முறை சில. வாள்வீரனுக்கும் அதே, மந்திரவாதிக்கும் அதே. கணக்கு சரியாக வந்தது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் மந்திரம் மந்திரமாக இல்லாமல் போய்விட்டது என்று பலர் பழைய விதிகளுக்கே திரும்பினார்கள். 2009இல் வந்த 'பாத்ஃபைண்டர்' அவர்களுக்கு வீடு கொடுத்தது. சமநிலைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை என்று நம் ஊர்க் கோயில் தரைகளில் செதுக்கியே வைத்திருக்கிறார்கள். ஆடுபுலி ஆட்டம். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாண்டிக் கொல்லும். ஆடு கொல்லவே கொல்லாது, நெருங்கி நின்று வழியை அடைக்கும். நேபாளத்து 'பாக் சால்' இதன் உறவு. புலி நான்கு, ஆடு இருபது. இரு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் அது சமனில்தான் முடியும் என்று லிம் யூ ஜின், யுர்க் நீவர்கெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கணினியில் நிறுவியிருக்கிறார்கள். புலியின் பல்லைப் பிடுங்காமலேயே கிடைத்த சமநிலை அது. ஆடுகள் சேர்ந்து நிற்க முடியும் என்பதே புலிக்குப் போட்ட கடிவாளம்.

எந்த மந்திரத்துக்குக் கடிவாளம் வேண்டும்? கணக்கில் பெரிதாகத் தெரியும் எரிகல் மந்திரத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எதிரிக்கு உயிர் அதிகம் வைத்தால் அது சரியாகிவிடும். பயப்பட வேண்டியது கேள்வியையே இல்லாமல் ஆக்கும் மந்திரங்களைப் பார்த்து. நூறு காதம் நடந்து போக வேண்டிய காட்டுவழியை ஒரு நொடியில் தாண்டும் 'டெலிபோர்ட்', செத்தவரை எழுப்பும் மந்திரம், எங்கோ இருப்பவரை இருந்த இடத்திலிருந்தே பார்க்கும் மந்திரம் இவைதான் கதையின் வயிற்றில் கை வைக்கின்றன. பூட்டையும் மந்திரத்தாலேயே தாண்டிவிட்டால், திருடன் பூட்டைத் திறக்கப் பத்து லெவலாகக் கற்றுக்கொண்டது வீணாகிறது. இத்தகைய மந்திரங்களுக்கு விலை சேதக் கணக்கில் இருக்கக்கூடாது. காட்டைத் தாண்டிப் போனால் காட்டில் சந்தித்திருக்க வேண்டிய நட்பு கிடைக்காமல் போகட்டும்.

இன்னொன்று. சில குழுக்கள் அவசரப்பட்டு நேராகப் பதினேழாம் லெவலில் ஆட்டத்தைத் தொடங்குகின்றன. இது ஏன் தவறு என்று இந்த ஊரில் உப்பளத்தைக் காட்டி எளிதாகச் சொல்லலாம். உப்புச் செறிவின் அளவில் கடல்நீர் மூன்று டிகிரியில் வருகிறது. பாத்தி பாத்தியாக மாறி, வெயிலில் காய்ந்து, இருபத்தைந்து டிகிரியை எட்டும்போதுதான் உப்பு இறங்குகிறது. முப்பதை நெருங்கவிட்டால் கசப்பு சேர்ந்துவிடும் என்று மிச்ச நீரை வெளியேற்றுகிறீர்கள். கடல்நீரை நேராகக் கடைசிப் பாத்தியில் விட்டால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் லெவலிலிருந்து சேர்ந்து ஆடி வந்த குழுவில் மந்திரவாதிக்கு வாள்வீரன் எத்தனை முறை தன்னைக் காப்பாற்றினான் என்று தெரியும். அந்தக் குழுவில் ஒன்பதாம் படி மந்திரம் அவ்வளவு தொல்லை தருவதில்லை. ஆட்டத்தை முடிக்க வேண்டிய இடத்தில் முடித்துவிடுவதும் அதே அளவு முக்கியம். இருபதாம் லெவலுக்குப் பிறகும் இழுத்துக்கொண்டே போகாதீர்கள்.

கடைசியாகத் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். டிராகனும் எல்ஃபும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆடுங்கள். ஆனால் வரும் பங்குனி, சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிக்கும்போது நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள். பிரசங்கம் முடிந்ததும் பிரசங்கியாரிடம் போங்கள். இரவில் கூத்து வாத்தியாரிடமும் போங்கள். ஒவ்வோர் அஸ்திரத்தைப் பற்றியும் நாலு கேள்வி கேளுங்கள்: யார் கொடுத்தது, எதைக் கொடுத்து வாங்கியது, எப்போது விடக்கூடாது, எது அதைத் தடுக்கும்? அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தமிழில் ஒரு கதையாடல் விளையாட்டு எழுத அந்த நோட்டுப் புத்தகம் போதும். எழுதி முடித்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். முதல் ஆட்டத்துக்கு நான் வருகிறேன், வாள்வீரன் வேடத்துக்கு.